ஒரே பாதை, மறுபடியும்: தாராவிப் பிள்ளைகளின் நேஷனல் பார்க் பயணங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பையில் பிள்ளைகளைப் போரிவலி நேஷனல் பார்க்குக்கு, அதாவது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு, கூட்டிப்போக எல்லாப் பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே அட்டவணையைத்தான் வைத்திருக்கின்றன. காலையில் பேருந்து, வாசலில் தலை எண்ணுதல், சிங்கம்–புலி சஃபாரிக்கு வரிசை, மதியம் பொட்டலச் சாப்பாடு, கன்ஹேரிக் குகைப் படியில் குழுப் படம், நாலு மணிக்கு விசில். மறுநாள் வகுப்பில் 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரை. அடுத்த வருடம் வேறு இடம்.

பிள்ளைகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பள்ளியை விட்டு வெளியே போனாலே திருவிழாதான். ஆனால் அந்தக் கட்டுரைகளை வாங்கிப் படித்துப் பாருங்கள். பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் வாந்தி எடுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் விரிவாக இருக்கும். காட்டைப் பற்றி 'மரங்கள் பசுமையாக இருந்தன' என்று ஒரே வரி.

இந்த ஆய்வு அந்த அட்டவணையை விட்டு விலகிய ஒரு சிறு முயற்சியைப் பற்றியது. தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மாலை வகுப்பு, 2024 மழைக்காலத்தில் தொடங்கிக் குளிர் முடியும்வரை, ஒரே குழுவை ஒரே பாதையில் திரும்பத் திரும்பக் கூட்டிப்போனது. தன்னார்வலராகக் கூடப் போனவள் என்ற முறையில் எழுதுகிறேன். கையிலிருக்கும் ஆதாரம் எங்கள் குறிப்பேடுகளும் பிள்ளைகளின் நோட்டுகளும்தான். தேர்வு எதுவும் வைக்கவில்லை. அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ளவும். எனக்குப் பட்டது இது: முதல் தடவை பிள்ளைகள் பார்ப்பது பயணத்தை. காடு அவர்கள் கண்ணில் படத் தொடங்குவது இரண்டாம் தடவையில். அந்த இரண்டாம் தடவைக்குத்தான் நம் ஊரில் யாரும் காசு ஒதுக்குவதில்லை.

குழு

இருபத்தைந்து முப்பது பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. சிலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள், மற்றவர்கள் ஆங்கில, இந்தி வழியில். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் பாடமாக மராத்தி. தாத்தா காலத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள்; இப்போது பல வீடுகளில் இட்லி வியாபாரம். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்து, அவித்து அடுக்கி, ஆண்கள் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு நகரமெங்கும் போய்விடுவார்கள். காலைப் பயணங்களுக்கு அப்பாக்கள் கிடைக்காததற்கு அதுதான் காரணம். மதியச் சாப்பாட்டைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லாமல் போனதற்கும் அதேதான் காரணம்.

மே மாதம் ஊருக்குப் போனால் பாபநாசம், களக்காடு பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டு வாசலிலிருந்தே மலை தெரியும். 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆன மலை. ஆச்சிமாருக்கு அது விறகு பொறுக்கப் போன காடு; பேரப்பிள்ளைகளுக்கு ரயிலை விட்டு இறங்கியதும் தெரியும் நீலக் கோடு, அவ்வளவுதான்.

சாக்கடையின் மறுமுனை

திட்டத்துக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. வீட்டு வாசலிலேயே கிடைத்தது: மித்தி ஆறு.

தாராவிப் பிள்ளைகளுக்கு மித்தி என்றால் நாற்றமடிக்கும் கறுப்புத் தண்ணீர். அதை ஆறு என்று சொன்னால் சிரிப்பார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி, மித்தி ஏறி வந்து வீடுகளில் புகுந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆறு தொடங்குவது விஹார் ஏரி நிரம்பி வழியும் இடத்தில். விஹார் இருப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுக்குள். பவாய் ஏரியின் உபரி நீரும் வந்து சேர, சுமார் 18 கி.மீ. ஓடி, தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் கடலுக்குப் போகிறது. தஹிசர், போய்சர் ஆறுகளுக்கும் தாய்வீடு இந்தக் காடுதான்.

இன்னொரு தண்ணீர்க் கணக்கும் உண்டு. மும்பைக்குக் குடிநீர் தருவது ஏழு ஏரிகள். அவற்றில் மிகச் சிறியவையான விஹாரும் துளசியும் இந்தப் பூங்காவுக்குள் இருக்கின்றன. விஹார் 1860-இல் கட்டி முடிந்தது, துளசி 1879-இல். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் வந்ததே விஹாரிலிருந்துதான். இன்று அவற்றின் பங்கு மிகக் குறைவு. ஆனாலும் காலையில் குழாயடியில் நீல டிரம்மோடு நிற்கும் பிள்ளையிடம் 'காடு எதற்கு' என்று விளக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால் போரிவலிக்கு முன்னால், நடந்தே போகக்கூடிய மஹாராஷ்டிரா இயற்கைப் பூங்காவில் தொடங்கினோம். தாராவியை ஒட்டி, மித்திக் கரையில் இருக்கிறது, 37 ஏக்கர். நகரத்தின் குப்பையைக் கொட்டி வந்த மேடு அது. 1980-களில் மண் போட்டு மரம் நட ஆரம்பித்தார்கள். 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தினமும் அந்த மதில் ஓரமாகப் போகிறவர்கள். உள்ளே போனவர்கள் சிலரே. "அக்கா, நம்ம குப்பையும் கீழ இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் பிறப்பதற்குப் பல வருடம் முன்னாலேயே கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்றதும், "அப்ப எங்க ஆச்சி குப்பை இருக்கும்" என்று தானே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுச் சம்மதம்

"சிறுத்தை இருக்க எடத்துக்கா பிள்ளையள கூட்டிட்டுப் போறிய?" எல்லா வீட்டிலும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. 2022 தீபாவளியன்று, பூங்காவை ஒட்டிய ஆரே காலனியில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்றது எல்லோருக்கும் நினைவிருந்தது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சமாளித்துவிடலாம். பல சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசினோம்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கி.மீ. 2018-இல் பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தானியங்கிக் கேமரா வைத்து நடத்திய கணக்கெடுப்பில் 47 சிறுத்தைகள் தெரிந்தன. மூன்று பக்கமும் கட்டடங்கள் நெருக்கும் காட்டில் இது பெரிய எண்ணிக்கை. 2004-இல் தாக்குதல்கள் உச்சத்துக்குப் போயின. சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதில் கூட்டத்தான் செய்கிறது என்று வித்யா அத்ரேயா போன்ற ஆய்வாளர்கள் மஹாராஷ்டிரத்திலேயே காட்டியிருக்கிறார்கள். 2011-இல் வனத்துறை, ஆய்வாளர்களையும் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' (எஸ்ஜிஎன்பி என்பது பூங்காவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற பணியைத் தொடங்கியது. அவர்கள் குடியிருப்புகளில் சொல்லி வருவதையே நாங்களும் சொன்னோம்: ஆபத்து இருட்டிய பிறகு, காட்டோரக் குடியிருப்பில், தனியாக இருக்கும் சின்னக் குழந்தைக்கு. குப்பை சேர்ந்தால் நாய் வரும். நாய் வந்தால் அதைத் தேடிச் சிறுத்தை வரும். பகலில் பேசிக்கொண்டு போகும் கூட்டத்தின் பக்கம் அது வராது. மூன்று மணிக்குள் வாசலுக்குத் திரும்பிவிடுவோம்.

கடைசியில் சபையை முடித்துவைத்தவர் ஒரு இட்லிக்காரர். "நான் விடியக்காலம் மூணு மணிக்கு ஒத்தையில சைக்கிள்ல போறேன். எனக்கு நாயிதான் பயம். பிள்ளைய போட்டும்."

இரண்டாவது கேள்வியை அம்மாமார் தனியாக அழைத்துக் கேட்டார்கள்: கக்கூஸ் எங்கே இருக்கு? இது முக்கியமான கேள்வி. வாசல் பக்கத்தில் உண்டு, கன்ஹேரியில் உண்டு. நடுவில் நடக்கும்போது கிடையாது. எங்கள் நடைபாதை எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானித்தது பறவையோ மரமோ இல்லை, இந்தக் கேள்விதான்.

முதல் பயணம்

ஜூலை. ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ரயில்பாதையில் பராமரிப்பு பிளாக். வேக ரயில்கள் எல்லாம் மெதுவண்டிப் பாதையில். மாஹிமில் ஏறி போரிவலியில் இறங்குவதற்குள் பாதிச் சக்தி போய்விட்டது. நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கி, நெடுஞ்சாலையைத் தாண்டி நடந்தால் பூங்கா. வாசலில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்த்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

வேண்டுமென்றே இந்தப் பயணத்தை வழக்கமான முறையில் வைத்திருந்தோம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஆளுக்கொரு பயிற்சித் தாள்: பார்த்த ஐந்து பறவை, ஐந்து மரம், மூன்று பூச்சி. பத்தே நிமிடத்தில் நடந்தது என்னவென்றால், வேகமாக எழுதும் ஒருவன் எழுதினான். மற்றவர்கள் அவன் முதுகில் தாளை வைத்துக் காப்பி அடித்தார்கள். பல தாள்களில் 'மயில்' இருந்தது. அன்று யாரும் மயிலைப் பார்க்கவில்லை.

மதியம், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்தான். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. பின்னாலிருந்து வந்த குரங்கு அவன் தோளில் கை வைத்தது. தள்ளவில்லை, பிடுங்கவில்லை, கூட்டாளி மாதிரி கை வைத்தது. அவன் யாரென்று திரும்பிய நொடியில் பொட்டலத்தோடு மரத்தில் இருந்தது. ஒரு கடி கடித்து, காரம் ஏறியதும் உதட்டைப் பிதுக்கி, மீதியை எங்கள்மேல் எறிந்தது. மறுநாள் வந்த கட்டுரைகள் எல்லாம் இந்தக் குரங்கைப் பற்றித்தான். படித்துச் சிரித்தோம் என்பது வேறு விஷயம்.

தாள் கொடுக்கும் யோசனை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 'ஜூனியர் ரேஞ்சர்' என்று ஒரு திட்டம் உண்டு. முக்கியமாக 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு. பூங்காவில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். குழந்தை அதை நிரப்பிக் கொண்டுபோனால் ரேஞ்சர் பார்த்துவிட்டு, உறுதிமொழி சொல்லவைத்து, ஒரு பேட்ஜ் குத்துவார். நம் ஊர் முகாம்கள் அதிலிருந்து தாளையும் பேட்ஜையும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருப்பதை விட்டுவிட்டன. அங்கே குழந்தை வருவது வீட்டாரோடு, தன் வேகத்தில். முடிவில் ஒரு பெரியவர் அந்த ஒரு குழந்தையிடம் 'என்ன பார்த்தாய்?' என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறார். உயிர் அந்த உரையாடலில் இருக்கிறது. முப்பது பேருக்கு ஒரு வழிகாட்டி, அவரும் மைக்கில், என்றால் தாள் வெறும் வீட்டுப்பாடம்தான்.

அங்கிருந்து எடுக்கத்தக்க இன்னொன்று, 2015-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவச அனுமதிச் சீட்டு. ஓராண்டு செல்லும். சீட்டு குழந்தையின் பேரில். பெரியவர்கள் அதன் தயவில் உள்ளே போகிறார்கள். வீட்டாரைக் கூட்டி வருவது குழந்தை என்ற அந்த ஏற்பாடு எங்களுக்குப் பின்னால் உதவியது. பக்கத்திலேயே கர்நாடக வனத்துறை 'சின்னர வன தர்ஷன' என்ற பேரில் மாணவர்களைக் காட்டிலேயே இரவு தங்கவைக்கிறது. பொறாமைப்பட வேண்டிய விஷயம். மும்பையில் எங்கள் பிள்ளைகளுக்கு இரவுச் சம்மதம் கனவிலும் கிடைக்காது.

'எங்க இடம்'

முதல் பயணத்தின் கடைசி அரைமணியில் ஒரே ஒரு புது வேலை கொடுத்தோம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பாதை ஓரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரமோ பாறையோ, எதுவானாலும் சரி. இனி வரும்போதெல்லாம் முதலில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். எழுதுவது கட்டாயமில்லை. திரும்பும் ரயிலில் யாராவது ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ ஒரு விஷயம் சொன்னால் போதும்.

செப்டம்பரில் போனபோது, வாசல் தாண்டியதும் சஃபாரி வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாதிப் பேர் ஓடினார்கள். 'எங்க இடத்துல' வேறு யாராவது உட்கார்ந்துவிட்டார்களா என்று கவலை.

இரண்டு சிறுமிகளின் இடம், இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு இடைவெளி. ஜூலையில் அங்கே ஒன்றுமில்லை. இப்போது குறுக்கே ஆளுயர வலை. நூல் வெயிலில் மஞ்சளாக மின்னியது. நடுவில் கால் நீட்டினால் உள்ளங்கையை நிறைக்கும் அளவில் ஒரு சிலந்தி, கறுப்பும் மஞ்சளுமாக. மழைக்காலத்தின் பின்பாதியில் இந்தக் காட்டில் நிறையத் தென்படும் பெரிய மரச் சிலந்தி. ஒருத்தி பயந்து பின்வாங்கினாள். மற்றவள் மேல் மூலையில் உளுந்து அளவுக்குச் சிவப்பாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். "அக்கா, குட்டியும் இருக்கு."

குட்டி இல்லை, வீட்டுக்காரன் என்றேன். சிறுமிகள் போட்ட சத்தத்தில் மற்ற ஜோடிகள் ஓடிவந்துவிட்டார்கள். அவ்வளவு பெரியவளுக்கு அத்தனூண்டு புருஷனா? அவள் எதையோ பிடித்துத் தின்று கொண்டிருந்தாள். அந்த நேரமாகப் பார்த்து அவன் ஓரடி வருவான், நிற்பான், மறுபடி ஓரடி. தின்னும்போதுதான் கிட்ட வருவானாம், இல்லாவிட்டால் அவனே சாப்பாடாகிவிடலாம் என்று கூட வந்த வழிகாட்டி இந்தியில் சொன்னார். ஜூலையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாத கூட்டம் அது. அன்று அரைமணி நேரம் அங்கேயே நின்றது. நவம்பரில் வலை கிழிந்து தொங்கியது, சிலந்தி இல்லை. எங்கே போனாள் என்று இருவரும் இலைச்சருகைக் கிளறப் போனார்கள். முட்டையை மண்ணில் குழி பறித்துப் புதைத்து மூடுவாள், கிளறாதீர்கள் என்று தடுக்க வேண்டியிருந்தது.

முதல் தடவையே இந்தச் சிலந்தியைக் காட்டியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். காட்டியிருக்கலாம், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். அங்கே முன்பு ஒன்றுமில்லை என்று தெரிந்தவளுக்குத்தான் அந்த வலை செய்தி.

கன்ஹேரியில் தண்ணீர்

கன்ஹேரிக்கு வழிகாட்டிகள் ஒரு மனப்பாடம் வைத்திருக்கிறார்கள்: நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், கருங்கல் மலை, கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு புழக்கம், மூன்றாம் குகையில் பெரிய சைத்தியம் என்ற வழிபாட்டு மண்டபம், வாசலில் பிரம்மாண்ட புத்தர். பிள்ளைகள் முதல் தடவை அதைக் கேட்டார்கள். கேட்ட அடையாளம் எந்த நோட்டிலும் இல்லை.

இரண்டாம் தடவை வழிகாட்டியைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு ஒரே கேள்வி போட்டோம்: இங்கே இத்தனை பேர் தங்கினார்களே, தண்ணிக்கு என்ன செய்தார்கள்?

தாராவிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மோட்டார் போட்டு இழுப்பவர், ஓஸ் நீளம், எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று குழாய் அரசியல் முழுவதும் தெரிந்தவர்கள். கால்மணி நேரத்தில் மலை முழுக்கப் பரவிவிட்டார்கள். குகை வாசல்களின் பக்கத்தில் பாறையில் வெட்டிய தொட்டிகள். மேலே பாறை முகப்பில் விரல் அகலத்துக்கு வெட்டிய வாய்க்கால். அதில் வழியும் மழைத் தண்ணீர் நேராகத் தொட்டிக்கு. எட்டாம் வகுப்புப் பையன் படியில் படுத்து, வாய்க்காலில் பாட்டில் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று கத்தச் சொன்னான். கீழே நின்றவன் கத்தினான்: "வந்துட்டுல!"

"இவங்களுக்கு லைன்ல நிக்க வேண்டாம்கா. வீட்டுக்கு வீடு டேங்க்."

"மேல் வீட்டுக்காரன் அடைச்சிட்டான்னா?" என்றாள் இன்னொருத்தி. யாரிடமும் பதில் இல்லை. கல்யாண், சோபாரா ஊர்களைச் சேர்ந்த வணிகர்கள் இங்கே குகைகளும் தொட்டிகளும் தானம் செய்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொட்டித் தகராறு பற்றிய கல்வெட்டு எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கார்வியும் கதவு எண்ணும்

அந்த வருடம் ஓர் அதிர்ஷ்டம். கார்விப் புதர் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2016-க்குப் பிறகு 2024-இல் பூத்தது. நம் குறிஞ்சியின் நெருங்கிய சொந்தம். அடர்ந்த ஊதா. பூத்து, காய்த்து, செடி செத்துவிடும். விதை அடுத்த மழையில் முளைக்கும். அடுத்து பூப்பது 2032-இல் என்றதும் ஆளாளுக்குத் தன் வயதைக் கணக்குப் போட்டார்கள். "அப்ப எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்" என்றாள் ஒரு ஐந்தாம் வகுப்புச் சிறுமி. ஆகாது, காலேஜ் போய்க்கொண்டிருப்பாய் என்று பக்கத்திலிருந்த அக்கா அதட்டினாள்.

கார்விக் குச்சி பற்றிச் சொன்னபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பூங்காவுக்குள் பாடா எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகள் இருக்கின்றன. வார்லி மக்கள் இந்தக் குச்சியை அடுக்கி, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவார்கள். சிறுத்தையையும் புலியையும் 'வாகோபா' என்று கும்பிடுவார்கள். பெரும்பாலான முகாம்களில் வார்லிகள் வருவது 'வார்லி ஓவியப் பயிலரங்கு' என்ற அளவில்தான். வெள்ளைப் பெயின்ட், பிரௌன் அட்டை, முடிந்தது. வழியில் வெள்ளரியும் கொய்யாவும் விற்கும் பெண்கள் அந்தப் பாடாக்காரர்கள் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கொய்யா வாங்கிய இடத்தில் பேச்சு வளர்ந்தது. காட்டில் வீடு இருக்கலாமா என்று ஒருவன் கேட்டான். 1997-இல் மும்பை உயர்நீதிமன்றம் பூங்காவிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதையும், ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிபட்டதையும், ஆதிவாசிகள் தாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை என்று சொல்லி வருவதையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னோம். 2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கி, வீட்டுக் கதவுகளில் எண் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. பையன் கொய்யா விற்ற அம்மாவிடம் நேராக இந்தியில் கேட்டான்: "மௌஷி, உங்க வீட்டுக்கும் நம்பர் போட்டாங்களா?" அந்த அம்மா சிரித்துவிட்டு, இன்னொரு கொய்யாவைச் சும்மா கொடுத்தார்.

இயற்கைக் கல்வித் திட்டங்கள் இந்த மாதிரி இடத்தில் பேச்சை மாற்றிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காடு, குடிசை, அரசு என்ற மூன்றும் தாராவிப் பிள்ளைக்கு ஒரே பாடத்தில்தான் வருகிறது.

வீட்டார் வந்த நாள்

ஜனவரிப் பயணத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்றோம். வந்தவர்கள் அம்மாக்களும் ஆச்சிகளும். அப்பாக்கள் மிகச் சிலர். 'எங்க இடத்தை' காட்டுவதில் பிள்ளைகளுக்கு அத்தனை பெருமை; ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் மாறிவிட்டது. பாதை ஓரத்தில் காய்ந்து நின்ற நாயுருவி பையன்களின் பேன்ட் முழுக்க ஒட்டிக்கொண்டது. களக்காட்டுப் பக்கத்து ஆச்சி ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே, இந்த வேரில் பல் விளக்கலாம், அந்தா நிற்பது குப்பைமேனி, சிரங்குக்கு அரைத்துப் போடலாம் என்று அடுக்கினார். பாதிப் பிள்ளைகள் அவரைச் சுற்றி. வழிகாட்டியும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பேரன் மட்டும் கொஞ்சம் கடுப்பாக நின்றான். அவன் காட்ட வைத்திருந்த பாறைப் பல்லியை யாரும் பார்க்கவில்லை. பறிக்கக் கூடாது, வனச்சட்டம் என்று சொன்னபோது ஆச்சி சொன்னார்: "பறிக்கல தாயி, கைய வச்சுக் காட்டுதேன்."

எது மாறியது, எது மாறவில்லை

நோட்டுகளில் குரங்கு குறைந்து, 'எங்க இடத்துல' என்று தொடங்கும் வாக்கியங்கள் கூடின. 'அது பேர் என்ன?' என்ற கேள்வி குறைந்து, 'போன தடவை இருந்ததே, எங்கே?' என்ற கேள்வி வந்தது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மித்தியைச் சாக்கடை என்று சொல்வது மட்டும் மாறவில்லை, அது சாக்கடையாகத்தானே இருக்கிறது. காட்டுக்குள் ஒரு மிட்டாய்த் தாளைக்கூடக் கீழே போடாதவர்கள், போரிவலி பிளாட்பாரத்தில் ஏறியதும் வேர்க்கடலைத் தோலை ஜன்னல் வழியாக ஊதினார்கள். அதற்கு ஒரு பாடத்திட்டமும் கைகொடுக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். எட்டாம் வகுப்புச் சிறுமிகளில் சிலர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மாவாட்ட ஆள் வேண்டும் என்று இன்னொரு வீடு. வீட்டாரை முதல் பயணத்திலேயே அழைத்திருந்தால் இவர்களில் சிலராவது தொடர்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அடுத்த குழுவுக்கு அப்படித்தான் திட்டம்.

பணம். ரயில், நுழைவு, கன்ஹேரிப் பேருந்து, வழிகாட்டி: பெரிய தொகை கிடையாது. ஆனால் நன்கொடை தருகிறவர்களின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'பயனடைந்த குழந்தைகளின் எண்ணிக்கை'. அதே பிள்ளைகளை ஐந்து தடவை கூட்டிப்போனாலும் அந்தக் கட்டத்தில் எண் மாறாது. புதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஐந்து மடங்கு ஆகும். ஒரு நிறுவனத்தார் அதைத்தான் செய்யச் சொன்னார்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள். அந்தக் கட்டம் இருக்கும்வரை மும்பையின் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை பேருந்தில் வந்து குரங்கைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு

பூங்காவின் இயற்கைத் தகவல் மையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் பள்ளிக் குழுக்களுக்கு வழிகாட்டி ஏற்பாடு செய்கிறார்கள். ஷிலோண்டா போன்ற உட்பாதைகளுக்கு அனுமதி கட்டாயம். விஹார் ஏரிப் பக்கம் நினைத்தபடி போக முடியாது, வரைபடத்தில் காட்டுவதோடு சரி. போரிவலி தூரம் என்றால், கோரேகானில் ஃபிலிம் சிட்டி பக்கத்தில், 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் 33 ஏக்கர் கல்வி மையம் இருக்கிறது. அதே காட்டின் ஓரம்தான். ஜூலையில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு பயணமாவது ஒரே குழுவுக்கு வையுங்கள். ஞாயிறன்று ரயில் பிளாக் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இட்லியை மூடி போட்ட டப்பாவில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் என்று திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். அன்று பூங்காவுக்கு விடுமுறை.